ஜாடியைத் தொட்டவள்

"செல்வக்கனி கூட வந்தது யாரு?"ன்னு கத்துனாளே அந்த நர்ஸம்மா, அது எங்களைத்தான் யக்கா. நீங்க எந்திரிக்க வேண்டாம், உக்காருங்க. அவ வீட்டுக்காரன், எந்தம்பி, ரத்தம் வாங்கப் போயிருக்கான். இந்தா வந்துருவான், வந்து உள்ள போவான். எனக்கு முட்டி வலி. இந்த மருந்து நெடி வேற குடலைப் பொரட்டுது. வாசல்ல உக்காந்திருக்கறவளும் கூட வந்தவதானே, என்ன சொல்றீக?

நீங்க யாருக்கு வந்திருக்கீக? மகளுக்கா? பேறுகாலமா? நல்லது நல்லது. தாயும் பிள்ளையும் சொகமா வீடு போய்ச் சேரட்டும். அந்த ஓரத்துல வெயில் அடிக்குது, இப்படி வாங்க. ஒட்டி வேண்டாம், ஒரு சாண் விட்டே உக்காருங்க. ஒண்ணுமில்ல, சும்மாதான். புழுக்கமா இருக்குல்ல.

உள்ள கெடக்கறவ எந்தம்பி பொண்டாட்டி. இருபத்தெட்டு வயசு. காலையில கொண்டாந்து போட்டோம். ரத்தம் மூணு பாயிண்டுதான் இருக்காம் யக்கா. பொம்பளைக்குப் பன்னெண்டாவது இருக்கணுமாம். "மூணை வச்சுக்கிட்டு இந்தப் பொண்ணு எப்படிம்மா நடமாடுச்சு?"ன்னு டாக்டரம்மா என் மூஞ்சியைப் பாத்துக் கேக்குது. நடமாடுனாளாவது! குடம் குடமாத் தண்ணி தூக்குனா, மொளகாய் இடிச்சா, முந்நூறு எலுமிச்சங்காய் ஒத்தையில உக்காந்து நறுக்குனா. நெஞ்சு வேற சோர்ந்து போச்சாம், இன்னைக்குப் பொழுதைத் தாண்டிட்டா பாக்கலாம்னு சொல்லிட்டாக. இன்னைக்குப் பொழுதுன்னா எம்புட்டு நேரம்? இப்ப மணி பன்னெண்டு இருக்குமா?

எங்க தெருவுல என்ன பேச்சு ஓடுதுன்னு எனக்குத் தெரியும். எம்பேரைச் சொல்லி, சண்முகவடிவு தம்பி பொண்டாட்டியைக் கொட்டகையில போட்டு வதைச்சுட்டான்னு பேசுறாளுக. பேசட்டும். நாக்கு மேல பல்லைப் போட்டு என்னையச் சொல்றதுக்கு எவளுக்கு என்ன தெரியும்? நீங்க வெளியூர், நீங்க கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு.

நான் வாழாம வந்தவ யக்கா. ஏழு வருசம் புருசன் வீட்டுல இருந்தேன். வயித்துல ஒண்ணும் தங்கலை, வேற ஒருத்தியைக் கொண்டாந்துட்டாரு. வந்துட்டேன். வந்தவ சும்மா குந்தித் தின்னேனா? எங்கம்மா கைப்பக்குவம் எனக்கு இருந்துச்சு. ஒரு ஜாடி மாங்காய்ல ஆரம்பிச்சேன். இன்னைக்கு எங்க பக்கத்துல எந்தக் கல்யாணப் பந்தியில எலையைப் போட்டாலும் ஓரத்துல வைக்கிறது எங்க வீட்டு ஊறுகாய்தான். தம்பி ஆவுடையப்பன் மொபட்டுல கொண்டுபோய்க் குடுப்பான். அவனைப் படிக்க வச்சு, கல்யாணம் பண்ணி வச்சது எல்லாம் நான்தான்.

ஊறுகாய் வீடுன்னா சுத்தம் வேணும். தூரமான பொம்பளை ஜாடிப் பக்கம் நெழலாடக் கூடாது. நான் உண்டாக்குன சட்டமா இது? ஊருக்கே தெரிஞ்சதுதானே? தீட்டுக் கை பட்டா ஒரே வாரத்துல பூசணம் பூத்துரும். அதனால எங்க வீட்டுல அந்த மூணு நாளும் பின்னாடி விறகுக் கொட்டகையில ஒதுங்கி இருக்கணும். நாலாம் நாள் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வேலைக்கு வந்துரணும். அடுப்படியில தேதித் தாள் தொங்கும், அதுல நான் புள்ளி வச்சுருவேன். அவளுக்கு மட்டுமா? எனக்கும்தான் வச்சுக்கிட்டேன். எனக்கு நிக்கிற வயசு, நாலு மாசமா ஒண்ணுமில்ல. அதை விடுங்க.

செல்வக்கனி கை ராசியான கை, அதைச் சொல்லத்தான் வேணும். ஆனா அவளுக்குப் பெரும்பாடு. தூரமானா எட்டு நாள் போகும். தர்ஷிகா, அவ மக, பொறந்த பெறகு இன்னும் மோசம். கிராம நர்ஸம்மா வந்து பாத்துட்டு, குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை அட்டை குடுத்துச்சு. இதைப் போட்டா அடுத்த பிள்ளைக்கு எடைவெளியும் ஆச்சு, போக்கும் மட்டுப்படும்னு சொல்லுச்சு. நெசமாவே மட்டுப்பட்டுச்சு. எட்டு நாள் போறவளுக்கு மூணே நாள்ல நின்னுச்சு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன் அந்த மாத்திரையை.

அந்த அட்டையில இருபத்தோரு வெள்ளை மாத்திரை, ஏழு செங்கல் கலர் மாத்திரை. வெள்ளையை முடிச்சுட்டு செங்கல் கலரைப் போடுறப்பத்தான் தூரம் வரும். மெடிக்கல் கடைக்காரர் சம்சாரம் ஒரு வெவரம் சொன்னாக. கோயில் கொடை, கல்யாணம்னா பொம்பளைக அந்த ஏழையும் விட்டுட்டு அடுத்த அட்டை வெள்ளையை எடுத்துப் போடுவாகளாம், தூரம் தள்ளிப் போயிருமாம். எனக்குப் பொறி தட்டுச்சு. எங்களுக்குச் சித்திரையில இருந்து ஆடி வரைக்கும் மாங்காய்க் காலம். அப்ப ஒரு நாள் அவ ஒதுங்குனாலும் எனக்கு ஒரு கை ஒடிஞ்ச மாதிரி. அதனால அட்டை வந்ததும் அந்த ஏழையும் நானே பிதுக்கி எடுத்துட்டு வெள்ளையை மட்டும் அவ கையில குடுப்பேன். நாலு மாசம். ஒரு நாள் அவ கொட்டகைக்குப் போகலை. இந்த வருசம் மாதிரி மாங்காய் ஊறுகாய் நாங்க போட்டதே இல்லை.

அந்தச் செங்கல் கலர் மாத்திரையா? வீணாக்குவானேன்னு கரைச்சுக் கருவேப்பிலைக் கன்னுக்கு ஊத்துனேன். வந்து பாருங்க எங்க வீட்டுக் கருவேப்பிலையை, அப்படி ஒரு கருகருன்னு தழைஞ்சு நிக்குது. இன்னைக்குக் காலையில டாக்டரம்மா சொல்லுது, அது இரும்புச் சத்து மாத்திரையாம். ரத்தம் ஊறத்தான் அதைச் சேர்த்து வச்சிருக்காகளாம். "பெரும்பாடு உள்ள பொண்ணுக்கு அதைக் குடுக்காம விட்டீங்களா?"ன்னு கேக்குது. எனக்கு எப்படித் தெரியும் யக்கா? அட்டை பூரா இங்கிலீசு. கலர் மாறுனா தூரம் வருதுன்னுதானே நான் கண்டேன்.

என்னது, மறுபடி கூப்பிடுதாகளா? ஆமா, செல்வக்கனின்னுதான் கேக்குது. ஏம்மா! இந்தா இருக்கோம்மா! அவ வீட்டுக்காரர் ரத்தத்துக்குப் போயிருக்காரு, வந்துருவாரு! ...என்னமோ கையை ஆட்டிட்டுப் போகுது. உங்களுக்குக் கேட்டுச்சா என்ன சொல்லுச்சுன்னு? "பக்கத்துல வந்து கையைப் பிடிச்சு உக்காருங்க, அந்தப் பொண்ணு பயப்படுது"ன்னா? பயப்படுவாதான். ஊசின்னாலே பயம் அவளுக்கு.

எங்க விட்டேன்? ஆடி முடிஞ்சுச்சா. தர்ஷிகாவுக்கு அஞ்சு வயசாச்சு, ஒரு பையன் வேணும்னு தம்பி சொன்னான். எனக்கும் ஆசைதான். எனக்குத்தான் குடுப்பினை இல்ல, அவன் பிள்ளையையாவது தூக்கிக் கொஞ்ச மாட்டேனா? மாத்திரையை நிறுத்தச் சொன்னோம். நிறுத்துனா. ஆவணியில தூரம் வரலை. புரட்டாசியிலயும் வரலை. தேதித் தாள் சுத்தமா இருக்கு! அதோட அவ பச்சரிசியை அள்ளி அள்ளித் திங்கா. மசக்கைக்குத்தானே யக்கா அப்படித் தின்போம்? எனக்குக் காலு தரையில பாவலை. தெருப் பூரா சொல்லிட்டேன். அவ மட்டும், "மதினி, யார்கிட்டயும் சொல்லாதீங்க, பரிசோதிச்சு இல்லைன்னுதான் வந்துச்சு, மாத்திரையை விட்டா இப்படித் தள்ளுமாம்"னு சொன்னா. "போடி, உன் பரிசோதனையும் நீயும்"னுட்டேன். பச்சரிசி திங்கிறது ரத்தம் இல்லாததுக்கு அடையாளமாம். அதையும் டாக்டரம்மாதான் இன்னைக்குச் சொல்லுது. எல்லாத்தையும் இன்னைக்குச் சொல்லுதாக.

ஐப்பசிக் கடைசியில ஒரு நாள் காலையில கொட்டகையில போய் உக்காந்திருக்கா. என்னடின்னு கேட்டா தலையைக் குனியுறா. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு யக்கா. ஊரெல்லாம் சொல்லி வச்சவ நான், எவ மூஞ்சியில முழிப்பேன்? "தின்ன அரிசிக்காவது ஒரு பிள்ளை தங்கிருக்கக் கூடாதா"ன்னு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அவ அழுதாளா? அழுதிருப்பா. நானும்தான் அழுதேன். என் அழுகையை யாரு பாத்தா?

மூணு நாள் ஆச்சு. நாலாம் நாள் தண்ணி ஊத்தச் சொன்னேன். கார்த்திகை முகூர்த்தத்துக்கு நானூறு எலைக்கு எலுமிச்சை ஊறுகாய் சொல்லிருக்காக. "நின்னுருச்சாடி?"ன்னு கேட்டேன். "நின்னுருச்சு மதினி"ன்னா. தரையைப் பாத்துத்தான் சொன்னா. நானும் அடுப்பைப் பாத்துத்தான் கேட்டேன்.

தம்பி ஒரு தடவை வந்து, "அக்கா, அவ சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கா, டாக்டர்கிட்ட காட்டுவமா?"ன்னான். "பொம்பளை சமாச்சாரம், உனக்கு என்னடா தெரியும், போய் எலுமிச்சங்காய் மூட்டையை எறக்கு"ன்னேன். அவன் என் பேச்சைத் தட்ட மாட்டான், தங்கமான பிள்ளை. எறக்கிட்டான்.

அந்த வாரம் பாத்து மழை மூடாக்கு. எலுமிச்சங்காய் நறுக்கி உப்புப் போட்டு வெயில்ல காயவைக்கணும், நாலு நாளாவது வெயில் வேணும். ஒன்றரை நாள்தான் கெடைச்சுது, அதுவும் எளவெயில். கையில எடுத்தா ஈரம் சொதசொதன்னு இருந்துச்சு. முகூர்த்தம் கழுத்தைப் பிடிக்குது, போதும்னு நானே அள்ளி ஜாடியில போட்டு, மொளகாய்ப் பொடி, எண்ணெய் ஊத்திப் பெசறி, வாய்க்குத் துணியை இழுத்து வேடு கட்டி வச்சேன். அதெல்லாம் ஒரு கொறையும் இல்ல. இத்தனை வருசத்துல எத்தனையோ மழையைப் பாத்தாச்சு.

பன்னெண்டு நாள் கழிச்சு வேடு அவுத்தேன். யக்கா, ஜாடி மேல வெள்ளை வெளேர்னு பூசணம். எங்க வீட்டு ஜாடியில பூசணம்! நானூறு எலை! எவ தொட்டா? அந்த வீட்டுல பொம்பளைன்னு இருக்கறது ரெண்டு பேரு. சின்னப் பிள்ளையைக் கணக்குல சேக்க முடியாது. அவளைக் கூப்பிட்டேன். நடு வீட்டுல சூடத்தை ஏத்தி வச்சேன். "ஜாடி போட்ட அன்னைக்கு நீ சுத்தமாத்தான் இருந்தேன்னு இதுல அடிச்சுச் சத்தியம் பண்ணு"ன்னேன்.

அவ பண்ணியிருக்கலாம் யக்கா. பொய்ச் சத்தியம் பண்ணிருந்தா நான் விட்டிருப்பேன், சாமி சத்தியமா விட்டிருப்பேன். ஆனா அவ கை நீளலை. நின்ன எடத்துலயே மடங்கி உக்காந்துட்டா. "மதினி, நிக்கவே இல்ல மதினி. பத்தொம்பது நாளாப் போகுது. கட்டி கட்டியாப் போகுது. துணியைக் கெணத்தடியில யாருக்கும் தெரியாம அலசுறேன். நீங்க மூணு நாள்தான்னு புள்ளி வச்சுட்டீங்க, நான் என்னன்னு சொல்ல?"ன்னா.

இதைக் கேட்டா ஒருத்திக்குக் கோவம் வருமா வராதா? பத்தொம்பது நாளா அடுப்பைத் தொட்டிருக்கா, சாமி வெளக்கைத் தொட்டிருக்கா! ஜாடியைத் தூக்கிக் கொல்லையில கவுத்துனேன். வீடு பூரா மஞ்சத் தண்ணி தெளிச்சேன். "நின்ன பெறகு உள்ள வா, அதுவரைக்கும் கொட்டகையை விட்டு வெளிய வராத"ன்னேன். அதுல என்ன தப்பு? அவளுக்கு ஓய்வும் ஆச்சு, வீட்டுக்குச் சுத்தமும் ஆச்சு. பட்டினி போட்டேனா? மூணு வேளையும் சோறு கொண்டுபோய் வாசப்படியில வச்சேன். மழைச் சாரல் அடிக்குதுன்னு சாக்குக்கூடத் தொங்கவிட்டேன். தர்ஷிகா அம்மா அம்மான்னு கொட்டகைக் கதவைத் தட்டும். அவ உள்ள இருந்து, "அத்தைகிட்டப் போ சாமி, அம்மாவைத் தொடக்கூடாது"ன்னு சொல்லுவா. அவளும் ஒத்துக்கிட்டுத்தானே இருந்தா? மல்லுக்கட்டவா செஞ்சா?

எட்டு நாள். நேத்து வச்ச சோறு அப்படியே இருந்துச்சு, கோவத்துல இருக்கான்னு நினைச்சேன். இன்னைக்குக் காலையில பிள்ளை போய் எட்டிப் பாத்துட்டு, "அத்தை, அம்மா உதடு வெள்ளையா இருக்கு"ன்னு ஓடி வருது. தம்பிதான் தூக்கிட்டு ஓடுனான். சாக்கு மாதிரி தொங்குனா அவன் தோள்ல.

டாக்டரம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? மாத்திரையை நிறுத்துனா செலருக்கு ரெண்டு மாசம் தள்ளிப் போறதும், முன்ன பெரும்பாடு இருந்தவளுக்கு அது திரும்பி வர்றதும் உள்ளதுதானாம். ஆனா எட்டு நாளைத் தாண்டி, கட்டி கட்டியாப் போனா அன்னைக்கே தூக்கிட்டு வந்திருக்கணுமாம். "பத்து நாள் முன்னாடி வந்திருந்தா ஊசி மாத்திரையிலயே நிறுத்தியிருப்பேனே, இருபத்தேழு நாள் என்னம்மா பண்ணீங்க?"ன்னு கேக்குது. எல்லாரும் என்னையவே கேக்காக. நான் தலையெழுத்தேன்னு இந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கேன்.

கூப்பிடுதாகளா? மூணாவது தடவை. நீங்க ஒரு எட்டு போயிட்டு வாரீகளா யக்கா? உங்களுக்குப் புண்ணியமாப் போகும். மூணாவது கட்டில். நீலப் போர்வை போத்தியிருக்கா. என்ன வேணும்னு கேட்டுட்டு வாங்க, நான் உங்க ஃபிளாஸ்க்கைப் பாத்துக்கறேன்.

...வந்துட்டீகளா? முழிச்சிருக்காளா? பேசுனாளா? என்ன கேட்டா? தண்ணியா?

...மதினின்னா? "மதினி எங்க"ன்னா கேட்டா? நல்லாக் கேட்டீகளா? தம்பியைக் கேக்கலையா, பிள்ளையைக் கேக்கலையா? என்னையவா?

ஏன் அப்படிப் பாக்கீக? போ, போய்க் கையைப் பிடின்னு சொல்றீக. சொல்லுவீக. உங்களுக்கு என்ன.

யக்கா, நீங்க முகம் தெரியாதவுக, இன்னைக்கோட சரி, பெறகு நீங்க யாரோ நான் யாரோ. அதனால சொல்றேன். அன்னைக்கு ஜாடியில முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பெசறிக்கிட்டு இருந்தேன்னு சொன்னேனா? செல்வக்கனி எனக்குப் பின்னாடி வந்தா. காதுக்குள்ள, "மதினி, சேலையை மாத்திட்டு வாங்க"ன்னு சொன்னா. நாலு மாசமா இல்லாதது அன்னைக்குப் பாத்து வந்திருக்கு. நான் எந்திரிச்சுப் போயி மாத்துனேன். நான் உக்காந்திருந்த பலகையை அவதான் யாருக்கும் தெரியாமக் கழுவி வச்சா. நான் திரும்பி வந்து கொட்டகைக்குப் போகலை யக்கா. அதே ஜாடியில திரும்பவும் கையை விட்டேன். வேடு கட்ட வேண்டியதுதான் பாக்கி, இத்துணூண்டு கறைக்கு என்ன ஆயிரப் போகுதுன்னு நினைச்சேன். தேதித் தாள்லயும் புள்ளி வைக்கலை.

ஜாடியைத் தொட்டது நான்தான். ஊறுகாயைக் கெடுத்தது நான்தான். சூடம் எரியுறப்ப அவ என்னைய நிமிந்து ஒரு பார்வை பாத்தா. "அன்னைக்கு உங்களுக்கும்தானே மதினி"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா என் மானம் அங்கேயே போயிருக்கும், அவளும் இங்க வந்து கெடந்திருக்க மாட்டா. கேக்கலை. கடைசி வரைக்கும் கேக்கலை பாவி மக.

இன்னைக்கும் எனக்கு இருக்கு யக்கா. காலையில இருந்து. அதான் உங்களை ஒரு சாண் தள்ளி உக்காரச் சொன்னேன். முட்டியும் வலிக்கலை ஒண்ணும் வலிக்கலை. இந்த ஒடம்போட உள்ள போய், மூணு பாயிண்டு ரத்தத்தோட கெடக்கறவ கையை நான் பிடிக்கவா? உப்பும் எண்ணெயும் போட்ட ஜாடியே என் கை பட்டு அப்படிப் போச்சு. அவளைத் தொட்டா அவ தாங்குவாளா? சொல்லுங்க. தொட்டு என்னமும் ஆச்சுன்னா அந்தப் பிள்ளை மூஞ்சியை நான் எப்படிப் பாப்பேன்?

தம்பியை இன்னும் காணோமே. ரத்தம் கெடைச்சுதோ என்னமோ.

இந்தா, நர்ஸம்மா மறுபடி வருது. போயிர்றேன் யக்கா. இந்தத் தடவை கூப்பிட்டா போயிர்றேன். தீட்டாவது மண்ணாவது, மதினின்னு என்னையத்தானே கேட்டிருக்கா. போய்க் கையைப் பிடிச்சு, நான்தான்டி தொட்டேன், நான்தான்னு சொல்லிர்றேன். கூப்பிடட்டும். இந்தா எந்திரிச்சே நிக்கேன்.

ஏன் இம்புட்டு மெதுவா நடந்து வருது? ஏக்கா, ஏன் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டேங்குது?